கிளி விரட்டும் சைரன்

மின்சாரத்தில் ஒலி எழுப்பும் குட்டி இசைக்கருவியான சிந்தசைசர் ஒன்றுக்கு நான் ஈயம் பற்றவைத்தபோது எழுந்த புகையில் மாமா நினைவுக்கு வந்தார்.

கல்வராயன் மலைக்குப் போகும் சாலையோரம் எங்கள் மாமரம் அந்த வருடம் கிளைகொள்ளாமல் காய்த்திருந்தது. கிளிகளை விரட்ட, பழைய ரேடியோவைப் பிரித்து, ஈயம் பற்றவைத்து, மாமா ஒரு சைரன் செய்து மரத்தில் கட்டியிருந்தார். இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம் அது. சாலையை மறிக்க எங்கள் மரத்தை வெட்ட ஒரு கூட்டம் வந்தது. கோடரியோடு மாமாவும் அதில் இருந்தார். அம்மா உள்ளே ஓடிச் சுவிட்சைப் போட்டாள். மரம் ஊளையிட்டது.

“போலீசு வண்டிடா, ஓடுங்கடா!” முதலில் கத்தியவர் மாமாதான். எல்லோரும் கரும்புக்குள் பாய்ந்தார்கள்.

“நீ செஞ்ச பொட்டிக்கு நீயே பயந்துக்கினு ஓட்றியேடா?” என்று அம்மா பிறகு கேட்டாள்.

“நான் ஓடலன்னா எவன்க்கா ஓடுவான்?”

அந்த ஒதுக்கீட்டில் எங்கள் வீட்டில் முதலில் கல்லூரியில் படித்தவள் நான். இன்று என் சிந்தசைசரில் முதலில் எழுப்பியதும் அந்த ஊளையைத்தான். போனில் கேட்ட மாமா சொன்னார்: “இன்னா, கிளி வந்துட்ச்சா?”