வாங்க ஆளில்லாத வரி

பெரகல சந்தியில் சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் அந்தோனிப்பிள்ளை, அதன் கீழ்த்தட்டில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஸலீமுக்கு முப்பத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். எழுபத்தொரு வயது வரை ஒருவரிடமும் கைநீட்டாத மனுசன் அவர். வங்கிக்காரர் வீடு தேடி வந்து கடன் தருகிறேன் என்றபோதும் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்டவர் தலையில் இந்தக் கடன் ஏறியதற்குக் காரணம் அவருடைய நேர்மைதான். வேறு என்ன சொல்ல?

அவர் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. ஹப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவில் எட்டுப் பேரோடு வளர்ந்தவர். பதினெட்டு வயதில் பண்டாரவளைச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனார். மற்றவன் ஒரு நடை போய்வருவதற்குள் இவர் இரண்டு நடை போய்வருவார். பிறகு கோவா, லீக்ஸ் என்று மரக்கறி வாங்கி விற்றார், பழைய லொறி ஒன்று எடுத்தார், பெரகலையில் ஆறு பேர்ச் காணித் துண்டு வாங்கினார். காணி உறுதிப் பத்திரத்தில் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்து வைத்தபோது நொத்தாரிசு நிமிர்ந்து பார்த்தார். அவர் பரம்பரையில் சொந்த மண்ணில் சுவர் எழுப்பிய முதல் ஆள் அவர்தான். மேல்தட்டில் அவரும் மனைவி அற்புதமலரும் குடியிருந்தார்கள். கீழ்த்தட்டுக் கடைக்கு மாதம் நாற்பத்தையாயிரம் வாடகை.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு பிறந்ததும், விற்கும் பொருளுக்கு மேல் போடும் வற் வரி நூற்றுக்குப் பதினெட்டு வீதமானது. ஜனவரியில் கூரை வேலைக்கு பண்டாரவளையில் சீமெந்து வாங்கினார். பில்லின் அடியில் அந்தப் பதினெட்டு தனியாக நின்றது. இது என்ன என்று கேட்டதற்கு, இது எனக்கில்லை, வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டுவது என்றார் கடைக்காரர். கடை வாடகைக்கும் உண்டா என்றார் இவர். உண்டுதான் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. தோட்டத்துச் சம்பளத் துண்டில் சங்கச் சந்தா, கோயில் திருவிழா, முற்பணம் என்று வெட்டுக்கு மேல் வெட்டு விழுந்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஆபீசில் இருப்பவர் வெட்டுவார், வேலையாள் மிச்சத்தை வாங்கிக்கொண்டு போவான். பதிவு, அனுமதி என்று இடையில் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. வெட்டுகிறவரின் அந்த நாற்காலியில் இப்போது தானே இருப்பதாகத்தான் தோன்றியது. பெயர் போட்டு ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடித்தார். வாடகை நாற்பத்தையாயிரம், வற் வரி எண்ணாயிரத்து நூறு.

ஸலீம் தலையைச் சொறிந்துகொண்டு கட்டினான். அடுத்த நாளே தேத்தண்ணி விலையில் பத்து ரூபாய் ஏற்றி, வரியினால் விலை கூடியது என்று அட்டையில் எழுதி மாட்டினான். காலையில் தேத்தண்ணி குடிக்க இறங்கிய அந்தோனிப்பிள்ளையிடமும் அந்தப் பத்து ரூபாயைக் கேட்டான்.

"கட்டடக்காரனுக்குமாப்பா?"

"வரி எல்லாருக்கும் வரிதானே முதலாளி. நீங்க சொன்னதுதான்."

நான்கு மாதக் காசையும் ஒரு சதம் தொடாமல் தனி உறையில் வைத்திருந்தார். அதைக் கட்டத்தான் பதுளை வரி ஆபீசுக்கு பஸ் ஏறினார். முதல் தடவை, வரி இலக்கம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றார்கள். படிவத்தை நிரப்பித் தரப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்காரனுக்கு இருநூறு ரூபாய் அழுதார். இலக்கம் வந்ததும் இரண்டாம் தடவை போனார். அன்று கணினி படுத்துவிட்டது. மூன்றாம் தடவை மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடியும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனது. மனுசன் வரி கட்டுகிறேன் என்று வந்தால் பிச்சைக்கு வந்தவன் மாதிரி உட்கார வைக்கிறார்களே என்று பக்கத்தில் இருந்தவரிடம் பொருமினார். அவரோ கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஜிப்னா என்ற இளம் அதிகாரி கூப்பிட்டாள். அந்தோனிப்பிள்ளை உறையை மேசையில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. மாத வாடகை எவ்வளவு, வேறு வியாபாரம் உண்டா என்று கேட்டாள். லொறியை விற்று ஆறு வருசமாயிற்று என்றார். கணக்குப் பொறியைத் தட்டினாள்.

"வருசத்துக்கு அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம். ஐயா, ஆறு கோடிக்கு மேல வரவு இருந்தாத்தான் வற் வரிக்குப் பதியணும். உங்களுக்கு அது இல்ல."

"நான் யாருன்னு தெரியாமப் பேசுறீங்க மகள். பெரகல சந்தியில வந்து கேட்டுப் பாருங்க."

"தெரியுது ஐயா. ஆனா பதியாத ஆள் வற் வரின்னு காசு எடுக்கவே கூடாது. அது குத்தம். கடைக்காரருக்கு அதத் திருப்பிக் குடுத்துருங்க."

"கொண்டுவந்த காச வேணாங்கிற கவர்மெண்டு எங்கயாச்சும் இருக்கா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வருமான வரிக்கும் அவருடைய வரவு எட்டாது என்று வேறு சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது. மூட்டை தூக்கி மாடி கட்டிய ஆளை, வரி கட்டவும் போதாத சில்லறை என்று ஒரு சின்னப் பிள்ளை கணக்குப் பொறியைத் தட்டிச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் அற்புதமலர் முழுக் கதையையும் கேட்டாள். அடுத்த நான்கு மாத வாடகையில் சத்தமில்லாமல் கழித்துக்கொள்ளலாம் என்றார். சத்தமில்லாமல் கழித்தால் ஸலீம் ஏன் என்று கேட்கமாட்டானா என்றாள். அப்படியானால் பெருநாள் இனாம் என்று கொடுத்துவிடலாம் என்றார்.

"அவர் காச அவருக்கே இனாமாக் குடுப்பீங்களா? நல்ல தருமம்ங்க."

பதினொரு நாள் உறை அலுமாரியிலேயே கிடந்தது. அவர் தேத்தண்ணிக்கு இறங்கும்போதெல்லாம், வரி கட்டிய அரசாங்கத் துண்டைக் காட்டச் சொல்லி ஸலீம் கேட்டான். விலை கூடியதற்கு ஏசும் ஆட்களிடம் காட்ட வேண்டுமாம். நாளைக்கு என்றார், ஆபீஸ் லீவு என்றார், கண்ணாடி உடைந்துவிட்டது என்றார். மூட்டை தூக்கிய காலத்திலும் இவ்வளவு பொய் சொன்னதில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் ஸலீம் ஒன்றும் கேட்கவில்லை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் மூவர் பஸ்ஸுக்குக் காத்து நின்று தேத்தண்ணி குடித்தார்கள். அவர்களில் ஒருத்தி பத்து ரூபாய் ஏன் கூட என்று கேட்டாள். ஸலீம் அந்தோனிப்பிள்ளையைக் கண்ணால் காட்டினான். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோப்பையை வைத்துவிட்டுப் படியேறினார். உறையோடு இறங்கி வந்தார்.

"இந்தா தம்பி, நீ கட்டின வரி. கவர்மெண்டு கேக்கல, நானா எடுத்தது. பிழை என்னுது. அந்த அட்டையக் கழட்டு."

ஸலீம் ரொட்டி தட்டுவதை நிறுத்தினான். மாவுக் கையைத் துணியில் துடைத்தான்.

"எண்ணியே குடுங்க முதலாளி. பொறகு நூறு குறையுதுன்னு நான் வந்து நின்னா ரெண்டு பேருக்கும் வெக்கம்."

"என் கையில எப்பயாச்சும் நூறு குறைஞ்சிருக்கா?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் எச்சில் தொட்டு எண்ணினார், அந்தப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே. ஐயாயிரம் தாள் ஆறு, ஆயிரம் தாள் இரண்டு. பிறகு நூறு ரூபாய்த் தாள்களை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று, ஸலீமின் விரித்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார்.