இரைப்பையில் கிடந்த மொச்சை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் மளிகைக் கடையை நிமிர்த்தி வைத்தவன் நான்தான். கூட்டாளி ஒருவன் இருந்தான், பெயருக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் அரிசியைக் கையில் அள்ளினாலே கலப்படம் தெரிந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எனக்குச் சாப்பாடு தங்கவில்லை. மாலையானால் வயிறு கல்லாய் உப்பும். நேற்றுத் தின்றதும் சேர்ந்து வாந்தியாக வரும். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, அப்படி இளைத்துவிட்டேன். மதியச் சோறு கூட்டாளி வீட்டிலிருந்து வந்தது. மருந்து வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். கடை முழுவதும் தனக்கே வேண்டுமென்று ஆசை வராதா?

அவன் சோற்றை நிறுத்திவிட்டு, தேக்கா சந்தையில் மொச்சை வாங்கி, கதவைத் தாழிட்டு நானே அவித்துத் தின்றேன். அதற்கு மறுநாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. அடுத்த நாள் கடையிலேயே சுருண்டு விழுந்தேன். அவன்தான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அந்த அவசரமும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அங்கே வாய்வழியாக ரப்பர் குழாயை இறக்கி இரைப்பையைக் கழுவினார்கள். குழாயை உருவியதும், “வச்ச மருந்து வந்துச்சான்னு பாருங்க” என்று கழுவிய தண்ணீர் கிடந்த தொட்டியை எட்டிப் பார்த்தேன்.

“என்ன மருந்து லா? பேசாம படுங்க” என்றாள் தாதி.

தொட்டியில் மிதந்தது மொச்சைத் தோல்.

“இது எப்ப சாப்பிட்டது?” என்றார் இளம் டாக்டர்.

“முந்தாநாள்.”

“யாரு சமைச்சது?”

“நான்தான்.”

“அப்ப மருந்து வச்சதும் நீங்கதானா?”

தாதி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். படத்தைக் காட்டினால்தான் கத்தி வைக்க விடுவேன் என்றேன். காட்டினார். இரைப்பை, மூட்டையின் அடிமுனையை நூல் போட்டு இறுக்கியதுபோல இருந்தது. பழைய புண் ஆறி, தழும்பு வழியைச் சுருக்கிவிட்டதாம். இரைப்பையைக் குடலோடு வேறிடத்தில் இணைக்க வேண்டுமாம்.

“பழைய வழியை என்ன செய்வீங்க?”

“அப்படியே விட்டுடுவோம்.”

அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் மொச்சையை நான் பொய் என்று சொல்ல முடியாதே. சம்மதத் தாளில் பெருவிரல் ரேகை வைக்கவில்லை, கையெழுத்தே போட்டேன்.

தையல் ஆறி, கஞ்சி குடிக்கலாம் என்றதும் கூட்டாளி தூக்குச்சட்டியோடு வந்து நின்றான்.

“நீ முதல்ல ஒரு மடக்கு குடி.”

“அண்ணே, மொச்சைய அவிச்சது நீங்க. கஞ்சிக்கு நான் சோதனை எலியா?”

குடித்தான். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானும் குடித்தேன். மாலை வந்தது. வயிறு உப்பவில்லை. கஞ்சி உள்ளேயே தங்கியது.