பவுனு தொட்டவர்கள்

இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வதுதான் பவுனுவின் வேலை. டெல்லி துவாரகாவில் சுஜாதாவின் மாமியாரும் பவுனுவின் கையில்தான் போய்ச் சேர்ந்தார்.

“நீ கால் வைக்கிற வீட்டுல எல்லாம் சாவுதான். இனிமே வராதே,” என்றாள் சுஜாதா.

“சாகக் கிடந்ததாலதானேம்மா என்னைக் கூப்பிட்டீங்க?”

“அச்சா, அப்ப ஒருத்தராவது பொழச்சாங்களா, சொல்லு?”

பவுனு தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அழுகை வரவில்லை. மெட்ரோவில் எதையும் பார்க்காமல் உட்கார்ந்து வந்தாள்.

வீட்டில் மகள் மஞ்சு சுருண்டு படுத்திருந்தாள். “காய்ச்சல் அடிக்குதும்மா, தொட்டுப் பாரேன்.”

சாதாரணக் காய்ச்சல்தான் என்று தெரிந்தும் பவுனுவின் கை நீளவில்லை. பக்கத்து வீட்டு அருக்காணியை அழைத்து, மகள் நெற்றியில் ஈரத்துணி போடச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றாள்.