நான் போடாத கையெழுத்து

என் மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது, பல்லடத்தில் அவள் பள்ளியிலிருந்து என்னை வரச் சொன்னார்கள். "பாப்பா இன்னும் எழுத்துக்கூட்டித்தானுங்க படிக்கறா. தினமும் அரைமணி நேரம் நாலஞ்சு பேரோட தனியா உக்கார வெச்சுச் சொல்லித் தாரோம். ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் டீச்சர்.

அதே வகுப்பில் என் நாத்தனார் மகளும் இருந்தாள். சொந்தத்தில் தெரிந்தால் கேவலம் என்று நினைத்தேன். "எம்புள்ள ஒண்ணும் மக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் பள்ளி விட்ட பிறகும் அவள் வீட்டுக்கு வரவில்லை. பதறிப்போய்த் தேடினேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறாள். "இன்னிக்கு எந்திரிச்சு நின்னு படிக்கச் சொல்லுவாங்கம்மா. எனக்குப் படிக்க வராது" என்றாள்.

மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டேன். "இப்ப அந்தக் குழு பத்தாதுங்க. இவளுக்கு மட்டும் தனியாத்தான் சொல்லித் தரோணும்" என்றார் அதே டீச்சர்.

இப்போதெல்லாம் பள்ளியில் எதைக் கேட்டாலும் மகளிடம் பேசிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். டீச்சரிடம் வாய்விட்டுப் படிக்கிறாளாம். என் எதிரில் மட்டும் படிக்க மாட்டேன் என்கிறாள். அதனால் அவள் புத்தகத்தை எடுத்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். அங்கே நின்றுதான் அவள் படிப்பதைக் கேட்கிறேன்.