சகலனின் இஞ்சித் தேநீர்

மோர்டனில் எங்கள் வீட்டுக் காலைத் தேநீர் எப்போதும் ஒரே கேத்தலில்தான். நான் ஊற்றுவேன், மனைவி சீனி போடுவாள். அந்த ஒழுங்கைக் குலைத்தவர் இல்ஃபோர்டில் இருக்கும் என் சகலன், அவளுடைய அக்காவின் கணவர். நியூ மோல்டனில் ஒரு கொரிய வைத்தியர் உடல்வாகு பார்த்துக் கொடுத்த பானத்தைக் குடித்து வயிற்றைக் குறைத்துவிட்டாராம். மனைவியும் போனாள். அவளுக்கும் சகலனுக்கும் ஒரே உடல்வாகு என்று தீர்ப்பாயிற்று: குளிர்ந்த கைகால், மந்தமான செரிமானம். அதற்கு இஞ்சித் தேநீர்.

அன்றுமுதல் காலையில் தொலைபேசி ஸ்பீக்கரில் இருக்கும்.

"அத்தான், தேன் விட்டனீங்களோ?"

"ஓம் மச்சாள். நீங்கள் பனங்கட்டி போட்டுப் பாருங்கோ."

பனைவெல்லம் போட்டு மெலிகிறார்களாம். நான் ஆறிப்போன பால் தேநீரோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நானும் வைத்தியரிடம் போனேன். மெலிவதற்கு அல்ல, அதே இஞ்சி எனக்கும் வேண்டும். கவுன்சிலின் பெனிபிட் பிரிவில் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எந்தப் பதில் சொன்னால் எந்தப் பிரிவில் விழலாம் என்று எனக்குத் தெரியாதா?

வைத்தியர் நாடியைப் பிடித்தபடி கேட்டார். பசி? குறைவு என்றேன். கைகால்? ஐஸ் என்றேன். வியர்வை? வராது என்றேன்.

பக்கத்தில் இருந்த மனைவி தமிழில் பாய்ந்தாள். "என்ன கதைக்கிறியள்? பனிக்காலத்திலயும் உங்கட தலையணை உறையை மாத்துறது ஆர்?"

பிறகு வைத்தியரிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். மூன்றாம் முறை சோறு கேட்பது, படியேறினால் மூச்சு வாங்குவது, வியர்த்துக் கொட்டிய பிறகுதான் என் முகம் தெளிவது. கடைசியாகச் சொன்னது எனக்கே புதிய செய்தி.

வைத்தியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முத்துப்போன்ற ஒரு தானியத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். இஞ்சி? எனக்கு அது சூடாம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "அத்தானுக்கு வியர்க்கிறதோ இல்லையோ, உமக்குத் தெரியுமோ?"

"அவரின்ர வியர்வை எனக்கேன்?" என்றாள்.

மறுநாள் காலை அவள் என் தானியத்தை வறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அத்தான், பிறகு எடுக்கிறன். இவரின்ர தானியம் அடுப்பில கிடக்கு, விட்டுட்டு வர ஏலாது."

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், மெல்ல வறுபடட்டும் என்று நான் அடுப்பை இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.