வலது முழங்கையில் ஊசித் தடம்

ஜெகதீஸ்வரனுக்கு நாலு வயதிலிருந்து ரத்தம் ஏற்றி வருகிறாள் அன்னம்மாள் சிஸ்டர். தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டில். இப்போது அவனுக்கு முப்பத்தொன்று. ஹைதராபாத் அமீர்பேட்டில் ஜாவா என்ற கணினி மொழி சொல்லிக் கொடுக்கிறான். அவன் வலது கையில் நரம்பு பிடிபடாது என்பது அவளுக்குத் தெரியும். இடது புறங்கையில்தான் குத்துவாள்.

நாகர்கோவிலிலிருந்து நர்ஸாக வந்தவள், ஓய்வு பெற்றபின் அதே ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். ரத்தம் உண்டாக்கும், பிறந்த சில மாதங்களில் உடம்பு நிறுத்திவிடும் ஒரு மரபணுவை மறுபடி எழுப்பப் பார்க்கும் மாத்திரை அங்கே பரிசோதனையில் இருந்தது. எழும்பினால் வெளி ரத்தம் தேவைப்படாது. ஜெகதீஸ்வரன் அதில் சேர்ந்து நாலு மாதம்.

அன்று ரத்தம் ஏற்றாமலேயே ஹீமோகுளோபின் அளவு ஒன்பது புள்ளி எட்டு.

"பாத்தீங்களா சிஸ்டர், மாத்திரை ஜெயிச்சிடுச்சு!"

அவன் வலது கையை மடக்காமல் வைத்திருந்ததை அன்னம்மாள் கவனித்தாள். "சட்டைக் கையை மேலே ஏத்து. வலது."

"நக்கோ சிஸ்டர், வேணாம், அங்க ஒண்ணும் இல்ல."

அவளே ஏற்றினாள். முழங்கை மடிப்பில் நீலம் கன்றியிருந்தது.

"எந்தக் கபோதிடே இங்க குத்தினான்?"

அவன் தலை கவிழ்ந்தது. "செகந்திராபாத்துல ஒரு கிளினிக். ஒரு பாட்டில்தான். அளவு இறங்கினா என்னைப் பரிசோதனையிலேருந்து தூக்கிடுவீங்கன்னு பயம்."

"கூறுகெட்டவனே! இறங்கினா நாங்களே ஏத்துவோம்லா? மறைச்சாத்தான் தூக்குவாங்க."

"எழுதாதீங்க சிஸ்டர். ப்ளீஸ். இதை விட்டா எனக்கு வேற வழியில்ல."

அன்னம்மாள் பரிசோதனைப் பதிவேட்டை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தாள். "எழுதலைன்னா, இந்தப் பொய் அளவை நம்பி நாளைக்கு ஒரு பச்சப்பிள்ளைக்கு இதைக் கொடுப்பாங்க. உனக்குச் சம்மதமா?"

அவன் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டான். பிறகு, "எழுதுங்க" என்றான்.

எழுதி முடித்து, பரிசோதனையை நடத்தும் டாக்டர் உமேஷிடம் தானே கொண்டுபோனாள். அவர் படித்து, மேலிடத்துக்குப் போன் போட்டுப் பேசி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நாலு மாசக் கணக்கு செல்லாது. அவர் ஒத்துக்கிட்டதால மருந்தைத் தொடரலாம். இன்னியிலேருந்து புதுசா எண்ணுவோம்."

திரும்பி வந்து சொன்னபோது ஜெகதீஸ்வரன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அன்னம்மாள் மருந்து அலமாரி பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த சிரிஞ்சுகளை எடுத்து மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.