"போதும்" என்று சொன்னது யார்?

என் சித்திக்கு உயரம் என்றால் பயம். தாதர் ரயில் நிலைய மேம்பாலத்தில்கூட ஓரம் போகாமல் நட்டநடுவில்தான் நடப்பாள். அப்படிப்பட்டவள்தான் தாராவியில் எங்கள் சந்துப் பெண்களைச் சேர்த்து, கோகுலாஷ்டமிக்குத் தெருவின் குறுக்கே உயரத்தில் கட்டும் தயிர்ப்பானையை உடைக்க ஒரு குழு தொடங்கினாள். தோல்பை தைப்பவள், வீட்டுவேலைக்குப் போகிறவள், கல்லூரியில் படிப்பவள் எல்லோரும் ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறி நான்கு அடுக்குக் கோபுரமாக நிற்பார்கள். உச்சியில் நான். பதினான்கு வயது முடிந்திருந்தாலும் பத்து வயதுக்காரியின் எடைதான் இருந்தது. அந்தப் பதவி கிடைத்த நாள்முதல் தலைக்கனம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்று அம்மா சொல்லுவாள்.

சித்தி அடி அடுக்கில் குனிந்து நிற்பாள். அங்கிருந்து மேலே நடப்பது எதுவும் தெரியாது. அதனால் முதல் நாளே ஒரு விதி வைத்தாள்.

"ஏ பிள்ளையளா, எவளுக்கு முடியலையோ 'போதும்'னு சொல்லணும். உடனே இறக்கிருவேன். எவ சொன்னா, எதுக்குச் சொன்னான்னு நானும் கேக்க மாட்டேன், வேற யாரும் கேக்கக் கூடாது."

கூட்டத்தின் இந்தி, மராத்திக் கூச்சலுக்கு நடுவே தனியாகக் கேட்கும் என்றுதான் தமிழ்ச் சொல். எங்களோடிருந்த இரண்டு மராத்தி அக்காக்கள் முதலில் கற்ற தமிழும் அதுதான். பயிற்சியில் அடிக்கடி அந்தக் குரல் எழும். கொசு கடித்ததற்காகச் சொன்னதாக ஒருத்தி அவளாகவே ஒப்புக்கொண்டாள். சித்தி ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. இப்படி இறங்கிக்கொண்டே இருந்தால் ஏறுவது எப்போது என்று எனக்குத்தான் எரிச்சல்.

விழாவன்று செம்பூரில் ஒரு முச்சந்தி. தூறல், ஒலிபெருக்கி, தண்ணீர் பீய்ச்சியடிக்கும் கூட்டம். ஹெல்மெட்டும் இடுப்பில் பாதுகாப்புக் கயிறுமாக ஏறினேன். மூன்றாம் அடுக்கு அக்காவின் தோளில் கால் ஊன்றி நிமிர்ந்தபோது, பானையில் சுற்றியிருந்த சாமந்திச்சரம் விரலில் பட்டது. இன்னும் ஒரு சாண்.

"போதும்!"

கீழே எங்கிருந்தோ வந்தது. மெல்லிய குரல்.

"இரு சித்தி, எட்டிருச்சு!" என்று கத்தினேன்.

"இறங்குட்டி" என்றாள் சித்தி.

இறங்கினேன். கூட்டம் ஊளையிட்டது. அடுத்து வந்த குழு அதே பானையை உடைத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. நான் அழுதுகொண்டே ஒவ்வொருத்தியிடமும் போய், "நீதானே சொன்ன?" என்று கேட்கத் தொடங்கினேன். சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லா? என் அக்கா பிள்ளைன்னா உனக்குத் தனிச் சட்டமா?"

பிறகு தலைகுனிந்து நின்ற மற்றவர்களைப் பார்த்து, "ஏறச் சொன்னதும் நான், இறங்கச் சொன்னதும் நான். ஊர்ல யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு அதே முச்சந்தியில் பானையை உடைத்தோம். அந்தப் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் அதைவிடத் துலக்கமாக நினைவிருப்பது, தோற்றுப்போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான்.

பயிற்சிக்கு எவளும் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் வந்திருந்தார்கள். கூடவே புதிதாக நான்கு பெண்கள். அதுவரை மகளை அனுப்பவே மாட்டேன் என்றிருந்த பக்கத்துச் சந்து அக்கா, அவளைத் தானே கைப்பிடித்து அழைத்து வந்திருந்தாள். தோற்ற குழுவில் சேர இவ்வளவு ஆசையா என்று வியந்தேன். யோசித்ததில் விடை கிடைத்தது. பானை வரைக்கும் ஏறியவள் நான் அல்லவா? என்னைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். தலையை வாரிக்கொண்டு முன்னால் போய் நிமிர்ந்து நின்றேன்.

அவர்கள் என்னைத் தாண்டிப் போய் சித்தியைச் சூழ்ந்து நின்றார்கள். பாவம், என்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.